ஒரே கூத்து, நாலு ஜமா

பீத்தோவனோட ஐந்தாம் சிம்பொனி உங்களுக்குத் தெரியும். "வெஸ்டர்ன் கிளாசிக்கல் எல்லாம் நமக்கு எதுக்கு"ன்னு அடுத்த பக்கத்துக்குப் போயிடாதீங்க. நிஜமாவே தெரியும். ட-ட-ட-டாஆஆம். அவ்வளவுதான். கார்ட்டூன்ல வில்லன் கதவைத் திறக்கும்போது கேட்டிருப்பீங்க, ஏதாவது ஒரு விளம்பரத்துல கேட்டிருப்பீங்க, செமஸ்டர் ரிசல்ட் மீம்ல கண்டிப்பா கேட்டிருப்பீங்க. மூணு சின்ன அடி, ஒரு நீள அடி.

என் கேள்வி வேற. அந்த நாலாவது அடி எவ்வளவு நேரம் நீளுது? ஒரு நொடியா, ரெண்டு நொடியா? முதல் மூணு அடியும் தனித்தனியா, கனமா விழுதா, இல்ல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு ஓடுதா? "எந்த ரெக்கார்டிங்கைச் சொல்றே?"ன்னு நீங்க திருப்பிக் கேட்டா, இந்தக் கட்டுரையோட பாதி வேலை முடிஞ்சுது. ஏன்னா ஐந்தாம் சிம்பொனின்னு ஒரு ஃபைல் எங்கேயும் கிடையாது. நூற்றுக்கணக்கான ரெக்கார்டிங் இருக்கு. எல்லாத்துலயும் நோட்ஸ் ஒண்ணுதான், ஆனா எதுவும் இன்னொண்ணு மாதிரி இல்ல.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடிச்சது இளையராஜாவால. 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டன்ல, ஈவென்டிம் அப்பல்லோ அரங்கத்துல, ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா அவரோட 'வேலியண்ட்' சிம்பொனியை வாசிச்சாங்க. அன்னிக்கு நம்ம கிளாஸ் வாட்ஸ்அப் குரூப் எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கே ஞாபகம் இருக்கும். எல்லாரும் ஸ்டேட்டஸ் வெச்சோம். "சிம்பொனின்னா சரியா என்ன?"ன்னு ஒருத்தர் கேட்டதும் குரூப் அமைதியாயிடுச்சு. நான் தேட ஆரம்பிச்சேன். நாலு பகுதியா இருக்கிற, ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவுக்காக எழுதின பெரிய இசை வடிவம்னு பதில் கிடைச்சுது. சரி, எதைக் கேட்டு ஆரம்பிக்கலாம்னு பாத்தா எல்லாரும் ஐந்தாம் சிம்பொனியைத்தான் சொன்னாங்க. தேடிப் பாத்தா அதே பேர்ல ஸ்க்ரோல் பண்ணப் பண்ண வந்துகிட்டே இருக்கு. பேர் ஒண்ணு, ஆனா கண்டக்டர் வேற, ஆர்கெஸ்ட்ரா வேற, வருஷம் வேற. நம்ம தலைமுறை உடனே என்ன கேக்கும்? "இதுல பெஸ்ட் எது?" நானும் அதைத்தான் டைப் பண்ணேன். ஆளுக்கு ஒரு பதில் சொல்லியிருந்தாங்க, அதுவும் சண்டை போட்டுக்கிட்டே.

அந்தச் சண்டை ஏன் தீராதுன்னு புரியறதுக்கு ஸ்கோர்னா என்னன்னு கொஞ்சம் பாக்கணும். ஸ்கோர்ங்கறது இசை இல்ல, இசைக்கான சர்க்யூட் டயக்ராம். எந்தக் கருவி, எந்த சுரம், எத்தனை மாத்திரை, எங்க சத்தம் கூடணும், எங்க குறையணும்னு அதுல இருக்கும். ஆனா லேப்ல ஒரே டயக்ராமை வெச்சு முப்பது பேர் போர்டு கட்டினா முப்பதும் ஒரே மாதிரியா இருக்கு?

அந்த 'டாஆஆம்' மேல ஸ்கோர்ல ஒரு குறி இருக்கு. அரைவட்டம், அதுக்குள்ள ஒரு புள்ளி. பாக்கறதுக்குக் கண்ணு மாதிரி இருக்கும். "இங்க நில்லு"ன்னு அர்த்தம். எத்தனை நொடின்னு கிடையாது. ரெண்டாவது தடவை 'ட-ட-ட-டாஆஆம்' வரும்போது அந்தக் கடைசி சுரத்தை இன்னொரு பாருக்கும் நீட்டி எழுதியிருக்கார் பீத்தோவன். அதாவது முதல் தடவையை விட இங்க கொஞ்சம் அதிகமா நிக்கணும். எவ்வளவு அதிகம்? அதுக்கும் பதில் இல்ல. உலகத்துல ரொம்பப் பிரபலமான அந்த அஞ்சு பார்லயே ரெண்டு முடிவை வாசிக்கிறவங்க கையில கொடுத்துட்டார்.

வேகத்துக்காவது நம்பர் இருக்கான்னு கேட்டீங்கன்னா, இருக்கு. இந்த சிம்பொனி முதல்ல அரங்கேறினது 1808 டிசம்பர் 22ஆம் தேதி, வியன்னாவுல. அப்போ மெட்ரோனோம் கிடையாது. மெல்சல் அதுக்குப் பேட்டன்ட் வாங்கினது 1815ல. 1817ல பீத்தோவன் தன்னோட சிம்பொனிகளுக்கு மெட்ரோனோம் எண்களை வெளியிட்டார். ஐந்தாம் சிம்பொனியோட முதல் பகுதிக்கு அவர் கொடுத்த எண் 108. அதாவது நிமிஷத்துக்கு 108 பார்.

நம்ம ஆளுங்களுக்கு நம்பர் கிடைச்சா போதுமே. முதல் பகுதியில 502 பார். ஆரம்பத்துல இருக்கிற 124 பாரை ரெண்டு தடவை வாசிக்கணும்னு ஸ்கோர் சொல்லுது. மொத்தம் 626. அதை 108ஆல வகுத்தா 5 நிமிஷம் 48 நொடி. நிக்கிற இடங்களுக்கு இன்னும் சில நொடிகளைச் சேர்த்துக்கலாம். ஆனா ரொம்பப் பேர் கொண்டாடற ரெக்கார்டிங் நிறைய, இந்தப் பகுதிக்கு ஏழு நிமிஷத்துக்கு மேல எடுத்துக்குது. சில பேர் எட்டு நிமிஷத்தையும் தொடறாங்க. பீத்தோவனோட மெட்ரோனோமே கோளாறா இருந்திருக்கும்னு ஒரு கட்சி. இல்ல, அவர் சொன்னதைத்தான் யாரும் செய்யலன்னு இன்னொரு கட்சி. இருநூறு வருஷமா முடியாத வைவா இது.

இந்த இடத்துல எங்க தாத்தாவைப் பத்திச் சொல்லணும்.

எங்க ஊர் கள்ளக்குறிச்சியிலேர்ந்து கச்சிராயபாளையம் போற வழியில இருக்கு. தாத்தா கரும்பு வெட்டி, மில்லுக்கு வண்டி ஓட்டினவர். பீத்தோவன் பேரைக் கேட்டதில்ல. ஆனா 'பெஸ்ட் ரெக்கார்டிங்' சண்டையெல்லாம் அவருக்கு ஐம்பது வருஷப் பழக்கம். கூத்துல.

எங்க பக்கம் தெருக்கூத்து எப்படின்னு தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். கூத்துக் குழுவுக்கு ஜமான்னு பேரு. நடத்தறவர் வாத்தியார். மிருதங்கம், தாளம், முகவீணை, பின்பாட்டு எல்லாம் இருக்கும். திரௌபதி அம்மன் கோயில் திருவிழான்னா பகல்ல பாரதப் பிரசங்கம், ராத்திரியில கூத்து, கடைசியில படுகளம், தீமிதி. எந்த ராத்திரி எந்தக் கதைன்னு ஊருக்கே தெரியும். கர்ணன் சாவான்னும் தெரியும். கதை தெரியாம யாரும் அங்க போய் உக்காரல. தெரிஞ்ச கதையை இந்த ஜமா எப்படிச் செய்யப்போறான்னு பாக்கத்தான் விடிய விடிய உக்காந்திருக்காங்க.

தாத்தா சைக்கிள்ல பத்துப் பதினைஞ்சு கிலோமீட்டர் போய்ப் பாத்துட்டு வருவாராம். காலையில டீக்கடையில பஞ்சாயத்து நடக்கும். "இந்த ஜமா கர்ணன் பாட்டுல கெட்டி, ஆட்டத்துல சுமார்." "அந்த ஜமா துச்சாதனன் வேஷம் கட்டினா கொழந்தைங்க கிட்ட நிக்காது." இது வெறும் வம்பு இல்ல. ஒரே பாட்டை இவன் எங்க நிறுத்தினான், அவன் எங்க எடுத்தான்னு நுணுக்கமா பேசுவாங்க.

எங்க பாட்டி இறந்தப்போ நான் ஒன்பதாம் வகுப்பு. எங்க பக்கம் காரியத்தன்னிக்கு ராத்திரி கர்ண மோட்சம் கூத்து வெக்கற வழக்கம் உண்டு. பாட்டிக்கும் வெச்சாங்க. போருக்குக் கிளம்பற கர்ணனை அவன் பொண்டாட்டி பொன்னுருவி வழிமறிச்சுத் தர்க்கம் பண்ற இடம் ஒண்ணு வரும். தாத்தா முன்வரிசையில துண்டை மடியில போட்டுக்கிட்டு அசையாம உக்காந்திருந்தார். அழல. காலையில எல்லாரும் கிளம்பின பிறகு திண்ணையில என்கிட்ட மெதுவா சொன்னார்:

"இந்தப் பொன்னுருவி அழுதுக்கிட்டே பாடுனான் பாத்தியா, பாப்பா? நான் வாலிபத்துல ஒரு ஜமா பாத்தேன். அந்தாளு அழாமயே பாடுவான். கடைசி வரிக்கும் அழமாட்டான். அதுதான் தாங்க முடியாது."

அன்னிக்கு நான் இங்கிலீஷ் மீடியம் மூளையோட, "இந்த நேரத்துலயும் விமர்சனமா?"ன்னு ஆச்சரியப்பட்டேன். இப்போ எனக்கு வேற மாதிரி தோணுது. தன் பொண்டாட்டி போன துக்கத்தை அவர் ரெண்டு பொன்னுருவிகளுக்கு நடுவுல வெச்சுதான் அளந்தார். ஒப்பிடறதுங்கறது மார்க் போடறது இல்ல. அது முழு கவனத்தோட கேக்கறதோட இன்னொரு பேரு.

சரி, நாம நாலு ஜமாவைப் பாக்கலாம். நானூறு வேண்டாம், நாலு போதும்.

முதல் ஜமா: ஆர்துர் நிகிஷ், பெர்லின் ஃபில்ஹார்மோனிக், 1913. ஒரு முழு சிம்பொனியைப் பதிவு பண்ணின ஆரம்ப கால முயற்சிகள்ல ஒண்ணு. அப்போ மைக் கிடையாது. மின்சாரப் பதிவு வந்தது 1925லதான். வாசிக்கிறவங்க எல்லாரும் ஒரு பெரிய புனல் முன்னாடி நெருக்கியடிச்சு நிக்கணும். அந்தப் புனல் பிடிச்ச சத்தம், அந்த அதிர்வுலேயே ஒரு ஊசியை ஆட்டி மெழுகுத் தட்டுல கீறும். தோராயமா 250 ஹெர்ட்ஸ்லேர்ந்து 2500 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் அதுல ஒழுங்கா விழும். ஒரு பக்கத்துக்கு நாலு நிமிஷம்தான், அப்புறம் தட்டைத் திருப்பணும். கேட்டா மழை பெய்யற ஓட்டு வீட்டுக்குள்ள யாரோ வாசிக்கிற மாதிரி இருக்கும். ஆனா நிகிஷ் வேகத்தை இழுத்தும் விட்டும் விளையாடறது அந்த மழைக்குள்ளயும் தெரியும்.

ரெண்டாவது ஜமா: வில்ஹெல்ம் ஃபுர்ட்வாங்லர், அதே பெர்லின் ஃபில்ஹார்மோனிக், 1947 மே 27. தேதியைக் கவனிங்க. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு ரெண்டு வருஷம். நாஜி ஆட்சிக் காலத்துல ஜெர்மனியில இருந்து வாசிச்சவர்ங்கறதால அவர் மேல விசாரணை நடந்துச்சு. அது முடிஞ்சு, இடிஞ்சு கிடந்த பெர்லின்ல தன் ஆர்கெஸ்ட்ராவோட திரும்ப மேடையேறின நாட்கள் அவை. முதல் நாலு அடியும் ஒரே நேரத்துல சுத்தமா விழாது. கொஞ்சம் சிதறித்தான் விழும். ஆனா அந்தச் சிதறல்ல ஒரு கனம் இருக்கு. நிக்கிற இடத்துல நின்னுடுவார். "கிளம்பப்போறாரா இல்லையா"ன்னு நமக்கே சந்தேகம் வரும். முதல் பகுதிக்குச் சுமார் எட்டு நிமிஷம்.

மூணாவது ஜமா: கார்லோஸ் க்ளைபர், வியன்னா ஃபில்ஹார்மோனிக், 1974. "பெஸ்ட் எது"ன்னு கேட்டா அதிகம் பேர் காட்டற ரெக்கார்டிங் இதுதான். முதல் பகுதி ஏழு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல. வேகமா இருக்கும், ஆனா பதற்றம் இருக்காது. ஒவ்வொரு அடியும் அடுத்த அடியைத் தள்ளிவிடும். இதுல ஒரு குடும்பக் கதையும் இருக்கு. கார்லோஸோட அப்பா எரிக் க்ளைபரும் பெரிய கண்டக்டர். 1953ல ஆம்ஸ்டர்டாம்ல கான்செர்ட்கெபோ ஆர்கெஸ்ட்ராவோட இதே சிம்பொனியை அவரும் பதிவு பண்ணியிருக்கார், அதுவும் புகழ்பெற்ற பதிவு. அப்பா பாடின பாட்டையே மேடையில பாடற பையன் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. மகன் தன் வாழ்நாள்ல ரொம்பக் கொஞ்சமாத்தான் பதிவு பண்ணார். அதுல இதை விடாம எடுத்திருக்கார்.

நாலாவது ஜமா: ஜான் எலியட் கார்டினர், 1994ல வெளிவந்த வரிசை. இவங்க பீத்தோவன் காலத்துக் கருவிகள், இல்லன்னா அதே மாதிரி செஞ்ச கருவிகளை வெச்சு வாசிக்கிறவங்க. வயலின்ல குடல் நரம்புத் தந்தி, வால்வு இல்லாத கொம்பு, கெட்டியான குச்சியால அடிக்கிற டிம்பனி. பீத்தோவனோட மெட்ரோனோம் எண்ணை மதிக்கிற கட்சி. முதல் பகுதியை ஏழு நிமிஷத்துக்குள்ளயே முடிச்சிடுவாங்க. மத்தவங்ககிட்ட மலை மாதிரி நின்ன சத்தம் இங்க ஓடற ஆறு மாதிரி இருக்கும்.

இந்த நாலையும் நான் ஒழுங்கா கேட்டது கல்வராயன் மலையில. என்.எஸ்.எஸ். முகாம், ஏழு நாள், வெள்ளிமலைக்குப் பக்கத்துல. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டிப் போய் மலை ஏற ஆரம்பிச்சா, கொஞ்ச நேரத்துல போன்ல சிக்னல் கோடு ஒவ்வொண்ணா உதிரும். பகல்ல பள்ளிக்கூடச் சுவருக்குச் சுண்ணாம்பு, மரக்கன்று, மருத்துவ முகாம். ராத்திரியில ரீல்ஸ் கிடையாது. என் போன்ல இறக்கி வெச்ச ஃபைல்கள் மட்டும். அதனால எங்க ரூம்ல இருந்த அஞ்சு பேரை வெச்சு ஒரு டெஸ்ட் பண்ணேன்.

நிகிஷ் பதிவை அதோட இரைச்சலே காட்டிக்கொடுத்துடும், அதனால அதை எடுத்துட்டேன். மத்த மூணுலயும் முதல் ஒரு நிமிஷம். பேர் சொல்லாம ஏ, பி, சி. இதுல வேணும்னே ஒரு வில்லத்தனம். முதல் ராத்திரி பி-யை மட்டும் 2 டெசிபல் ஏத்தி வெச்சேன். அஞ்சு பேரும் பி-தான் நல்லா இருக்குன்னாங்க. "தெளிவா இருக்கு", "உயிரோட்டமா இருக்கு"ன்னு காரணம் வேற. ரெண்டாவது ராத்திரி சி-யை ஏத்தினேன். நாலு பேர் சி-க்குத் தாவிட்டாங்க. நீங்க ஒரு ஹெட்ஃபோனையோ ஸ்பீக்கரையோ கடையில ஒப்பிட்டு வாங்கும்போதும் இதுதான் நடக்குது. ஒரு டெசிபல், ரெண்டு டெசிபல் வித்தியாசத்தை நம்ம மூளை 'சத்தம் கூட'ன்னு எடுத்துக்காது, 'தரம் கூட'ன்னு எடுத்துக்கும். அதனால எதை எதோட ஒப்பிட்டாலும் முதல்ல சத்தத்தைச் சமன் பண்ணுங்க. ஆடாசிட்டி மாதிரி இலவச மென்பொருளே போதும்.

மூணாவது ராத்திரி மூணையும் சமன் பண்ணிப் போட்டேன். அப்போதான் உண்மையான சண்டை ஆரம்பிச்சுது. யாரும் யாரோடயும் ஒத்துப்போகல. முதல் ரெண்டு ராத்திரியும் "நல்லாருக்கு"ன்னு மட்டும் சொன்னவங்க இப்போ காரணம் தேட ஆரம்பிச்சாங்க. சங்கராபுரம் பக்கத்துலேர்ந்து வர ஒரு தோழி சொன்னதுதான் எனக்கு இன்னும் மறக்கல. "இது நம்ம வந்த பஸ் மாதிரிடி. ரோடு ஒண்ணு, வளைவு ஒண்ணு. ஏ டிரைவர் ஒவ்வொரு வளைவுலயும் பிரேக் போட்டு, கியர் மாத்தி, ஹாரன் அடிச்சுத் திருப்புறாரு. பி டிரைவர் வளைவு வரதுக்கு முன்னாடியே ஸ்டியரிங்க ஒடிச்சுட்டாரு. நமக்கு வளைவே தெரியல."

ஏ ஃபுர்ட்வாங்லர். பி க்ளைபர். இதை விட நல்ல விமர்சனத்தை நான் இதுவரைக்கும் எங்கேயும் படிக்கல.

அந்த ராத்திரி எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. ஒரே ஒரு ரெக்கார்டிங்கைக் கேட்டா நமக்குப் பாட்டு மட்டும்தான் கேக்குது. ரெண்டைக் கேட்டாத்தான் வாசிக்கிறவங்க கேக்கறாங்க. ஒரே டிரைவரோட பஸ்லயே வாழ்க்கை முழுக்கப் போறவங்களுக்கு, வேற மாதிரியும் திருப்பலாம்னு தெரியவே தெரியாது.

இதுக்கு ஒரு வேடிக்கையான உதாரணம் இருக்கு. 1977ல வாயேஜர் விண்கலங்கள்ல ஒரு தங்கத்தட்டு அனுப்பினாங்க இல்ல? நம்ம நாட்டுலேர்ந்து கேசர்பாய் கேர்கரோட பாட்டு அதுல இருக்கு. ஐந்தாம் சிம்பொனியோட முதல் பகுதியும் இருக்கு, ஆட்டோ க்ளெம்பரர் நடத்தி, ஃபில்ஹார்மோனியா ஆர்கெஸ்ட்ரா வாசிச்சது. என்னைக்காவது யாராவது அதைக் கண்டெடுத்துக் கேட்டாலும், அவங்களுக்கு பீத்தோவனும் க்ளெம்பரரும் ஒரே ஆளாத்தான் தெரிவாங்க. எது எழுதினவர் முடிவு, எது வாசிச்சவர் முடிவுன்னு பிரிக்க வழியே இல்ல. அவங்ககிட்ட ரெண்டாவது ரெக்கார்டிங் கிடையாதே.

முகாம் முடிஞ்சு செமஸ்டர் லீவுல தாத்தாகிட்ட போனேன். அவருக்கு இப்போ காது சரியா கேக்கறதில்ல. மெஷின் வெச்சிருக்கார், ஆனா அதைச் சட்டைப் பையிலதான் வெச்சிருப்பார். கூத்துக்குப் போயும் ரெண்டு வருஷம் ஆச்சு. "மிருதங்கம் திம்முனு கேக்குது, பாட்டு கேக்கல. அப்புறம் என்னாத்துக்குப் போவணும்?"

ப்ளூடூத் ஸ்பீக்கர்ல க்ளைபரைப் போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "சத்தம் வருது, போவுது. நடுவுல ஒண்ணும் இல்லியே"ன்னார். அப்புறம் சும்மா நிகிஷைப் போட்டேன், அந்த 1913 மழைச் சத்தம். தாத்தா கட்டில்ல நிமிந்து உக்காந்தார். "இது கேக்குது."

கொஞ்சம் யோசிச்சா காரணம் புரியும். வயசானா முதல்ல போறது உயர் அதிர்வெண்கள். வயலினோட மினுமினுப்பு, எழுத்துல 'ச'வும் 'ஸ'வும் எல்லாம் அங்கதான் இருக்கு. க்ளைபர் பதிவுல பாதி அழகு தாத்தாவோட காதுக்கு வெளியிலயே நின்னுடுது. மெல்லிசா வாசிக்கிற இடங்கள் மொத்தமா காணாமப் போகுது. ஆனா அந்தப் பழைய புனல் பிடிச்ச 250லேர்ந்து 2500 ஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட தாத்தாகிட்ட மிச்சம் இருக்கிற இடம். சத்தத்துலயும் பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. நமக்கு மோசமான ரெக்கார்டிங் அவருக்கு முழுசான ரெக்கார்டிங்.

அன்னிக்கு ராத்திரி உக்காந்து மத்த மூணையும் அதே மாதிரி மாத்தினேன். மேலயும் கீழயும் வெட்டி, நடுவை ஏத்தி, மெல்லிய இடங்களைத் தூக்கி. ஆடியோ விரும்பிங்க பாத்தா என்னை அடிப்பாங்க. மறுநாள் காலையில நாலு ஜமாவையும் வரிசையா போட்டேன், முதல் ஒரு நிமிஷம் மட்டும். தாத்தா மறுபடி போடச் சொன்னார். இன்னொரு தடவையும் போடச் சொன்னார். யார் வாசிக்கிறா, எந்த ஊர்னு எதுவும் கேக்கல. அப்புறம் ரெண்டாவதையும் நாலாவதையும் காட்டிச் சொன்னார்:

"இவன் கோவமா வரான். அவன் அவசரமா வரான். கோவம் வேற, அவசரம் வேற."

கொஞ்ச நேரம் கழிச்சு, "நம்ம ஜமாவையும் இந்த மாதிரி போட முடியுமா?"ன்னார்.

எந்த ஜமான்னு எனக்குத் தெரியும். அழாம பாடின பொன்னுருவி. அந்த வாத்தியாரும் இல்ல, அந்த ஜமாவும் கலைஞ்சு போச்சு. ஒரு கேசட் கூட கிடையாது. ஐந்தாம் சிம்பொனிக்கு 1913லேர்ந்து வரிசையா ஜமாக்கள் இருக்காங்க, எப்போ வேணும்னாலும் எடுத்து ஒப்பிடலாம். எங்க பக்கத்துக் கர்ண மோட்சத்துக்கு ஒப்பிடற ஆள் இருக்கார், ஒப்பிடறதுக்கு ஒரு பக்கம்தான் இல்ல. அது எழுபத்தெட்டு வயசு ஞாபகத்துல மட்டும் ஓடிக்கிட்டிருக்கு. புரிசை மாதிரி பேர் வாங்கின பரம்பரைகளுக்குப் பதிவு இருக்கலாம். நம்ம பக்கத்து ஊர் ஜமாவுக்கு யார் எடுத்து வெச்சிருக்கா?

இதை எழுத ஆரம்பிச்சப்போ ஒரு கஷ்டம் இருந்துச்சு. இசையைப் பத்தி எனக்குத் தெரிஞ்ச வார்த்தையெல்லாம் இங்கிலீஷ்ல இருந்துச்சு. பள்ளிக்கூடம் அப்படி. தாத்தாகிட்ட பேசினப்போதான் எடுப்பு, இழுப்பு, காலம், பின்பாட்டுன்னு வார்த்தைங்க கைக்கு வந்துச்சு. பீத்தோவனைக் கேக்க அதுவே போதும். நீங்களும் கேக்கணும்னா மூணு இடத்தைச் சொல்றேன். ஒண்ணு, ஆரம்ப 'டாஆஆம்' ரெண்டும் எவ்வளவு நிக்குதுன்னு. ரெண்டு, நடுவுல எல்லாரும் சட்டுனு நிறுத்திடுவாங்க, ஓபோ மட்டும் சில நொடி தனியா பாடும். நம்ம முகவீணை மாதிரியே ரெட்டைச் சீவாளி வெச்ச கருவி அது. ஒருத்தர் அதைக் கெஞ்சற மாதிரி வாசிப்பார், இன்னொருத்தர் சும்மா மூச்சு விடற மாதிரி. அழற பொன்னுருவி, அழாத பொன்னுருவி. மூணு, ஆரம்பத்துல கொம்பு அறிவிச்ச ஒரு கூப்பாடு பிற்பாதியில திரும்ப வரும். ஸ்கோர்ல அங்க அதைப் பஸூனுக்கு எழுதியிருக்கார். அந்தக் காலக் கொம்புல வால்வு இல்ல, அந்த சுரங்கள் சட்டுனு வராது. வால்வு வந்த பிறகு நிறைய கண்டக்டர்கள் "பீத்தோவன் இருந்தா கொம்புக்குத்தான் கொடுத்திருப்பார்"னு மாத்திட்டாங்க. கார்டினர் மாதிரி ஆளுங்க "எழுதினதை வாசி"ன்னு பஸூனையே வெச்சிருக்காங்க. உங்க ரெக்கார்டிங் எந்தக் கட்சின்னு கண்டுபிடிங்க.

'வேலியண்ட்' சிம்பொனிக்கும் நான் இதைத்தான் ஆசைப்படறேன். 1993லயே இளையராஜா இதே ராயல் ஃபில்ஹார்மோனிக்கோட லண்டன்ல ஒரு சிம்பொனியைப் பதிவு பண்ணார், அது வெளிவரவே இல்ல. அதனால இந்த முறை மேடையேறினதே பெரிய விஷயம்தான். ஆனா வேற ஊர்ல, வேற கண்டக்டர் அதே ஸ்கோரைப் பிரிச்சு, "நான் இங்க இன்னும் கொஞ்சம் நிப்பேன்"னு முடிவெடுக்கிற நாள் வரணும். அன்னிக்கு நம்ம குரூப்ல ஸ்டேட்டஸ் மட்டும் வெக்காம, எந்த ஜமா ஒசத்தின்னு விடிய விடிய சண்டை போடணும்.

அதுக்கு முன்னாடி நம்மால முடிஞ்ச ஒரு வேலை இருக்கு. பங்குனி, சித்திரையில உங்க ஊர்லயோ பக்கத்து ஊர்லயோ கர்ண மோட்சம் வெச்சா, வாத்தியார்கிட்ட அனுமதி கேட்டுட்டு, போனை மிருதங்கத்துக்குப் பக்கத்துல வெக்காம கொஞ்சம் தள்ளி வெச்சு, பொன்னுருவி வழிமறிக்கிற இடத்தை மட்டும் பதிவு பண்ணுங்க. பத்து நிமிஷம் போதும். எந்த ஊர், எந்த ஜமா, எந்தத் தேதின்னு எழுதி எனக்கு அனுப்புங்க. நான் ஏற்கனவே ரெண்டு வெச்சிருக்கேன். சத்தத்தைச் சமன் பண்ணி, நடுவை ஏத்தி, வரிசையா போட்டுக் கேக்கறதுக்கு எங்க திண்ணையில ஒருத்தர் காத்துக்கிட்டிருக்கார்.